இருபத்தைந்து நாள் வாடகை



இது நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் எழுந்து போகிறவர்கள் போகலாம். ஆனால் சிதம்பரத்திலோ கடலூரிலோ வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து படிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. யார் யார் என்று எனக்கும் தெரியும், அவரவர்க்கும் தெரியும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. அனுப்பியவர் நம்ம ஆள்தான். "சிதம்பரத்தில் வீடு வாங்குங்கள், ஆனித் திருமஞ்சனம், மார்கழி தரிசனம், நாட்டியாஞ்சலி மூன்று சீசன், ஹோம் ஸ்டே வருமானம், வாடகைதாரர் தொல்லை இல்லை" என்று போட்டு, கீழே தேர் படம். பதினேழு பேர் கை தட்டியிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு எரிந்தது. வாடகைதாரர் தொல்லை இல்லையாம்! ஊரில் குடியிருக்கிற மனுஷனே தொல்லை என்றால், அப்புறம் ஊர் எதற்கு?

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் கடலூரிலும் சிதம்பரத்திலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள். அந்தக் கணக்கே இதற்குப் போதும். முதலில் என் வீட்டுக் கணக்கையே கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். ஊரைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்லிவிட வேண்டும்.

தேரடிக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மாடியில் இரண்டு அறை, சமையலறை, மொட்டை மாடி. 2013-லிருந்து ஒரு குடும்பம் இருந்தது. அவர் கல்யாண சமையலுக்குப் போகிறவர். அந்தம்மா பூக்கட்டி விற்பவர். ஒரு பெண் குழந்தை. கடைசியில் வாடகை மாதம் 6,500. கொரோனா சமயத்தில் கல்யாணமும் இல்லை, கோயிலும் திறக்கவில்லை. மூன்று மாதம் நான் வாங்கவில்லை, மீதியை அவர்கள் சொட்டுச் சொட்டாகக் கட்டி முடித்தார்கள். ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை.

2022 ஆரம்பத்தில் என் மகன் சொன்னான். "அம்மா, எல்லாரும் ஆப்ல போடறாங்க. கோயில் பக்கத்துல வீடு வச்சிக்கிட்டு ஆறாயிரத்து ஐந்நூறுக்கு விட்டிருக்கீங்களே." எனக்கு முழங்கால் ஆபரேஷன் பாக்கி இருந்தது. மாடித் தளம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓய்வூதியம் வருகிறதுதான், ஆனால் பத்தும் பத்தாமலும் இருந்தது. அந்தப் பெண் குழந்தை ஒன்பதாம் வகுப்பு பரீட்சை முடிக்கட்டும் என்று மே மாதம் வரை அவகாசம் கொடுத்தேன். மூன்று மாத அவகாசம் கொடுத்த நல்லவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் ஊருக்குள்ளேயே வீடு தேடினார்கள். நான்கு வீதியும் சன்னதிகளும் சுற்றினார்கள். சில இடத்தில் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கேட்டார்கள். சில இடத்தில் முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க", அடுத்த கேள்வி "கறி மீன் சமைப்பீங்களா". (இந்தக் கேள்வியை ஆப்பில் பணம் கட்டி வருகிறவரிடம் யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா?) கடைசியில் வல்லம்படுகைப் பக்கம் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. மினி லாரியில் சாமான் ஏற்றும்போது அந்தப் பெண் மொட்டை மாடித் துளசித் தொட்டியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டாள். அது அவள் வைத்த தொட்டி.

இப்போது கணக்கு.

மாத வாடகை 6,500. பன்னிரண்டு மாதத்துக்கு 78,000.

நாள் வாடகை: ஆனித் திருவிழா பத்து நாள். தேர், தரிசனம் வரும் கடைசி மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 4,000, மற்ற ஏழு நாளுக்கு 2,500. ஆக 29,500. மார்கழி பத்து நாள். கடைசி மூன்று நாளுக்கு 5,000, மற்ற ஏழுக்கு 3,000. ஆக 36,000. மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி ஐந்து நாள், நாள் 3,000. ஆக 15,000. கூட்டினால் 80,500.

புரிகிறதா பிள்ளைகளே? ஒரு குடும்பம் 365 நாள் குடியிருந்து கொடுத்ததைவிட, இருபத்தைந்து நாள் வந்து போனவர்கள் கொடுத்தது அதிகம். மீதி 340 நாள் வீடு பூட்டிக் கிடந்தாலும் எனக்கு நஷ்டமே இல்லை. கமிஷனும் துணி வெளுக்கிற செலவும் போனால்கூட நடுவில் நாலைந்து சனி ஞாயிறு பிச்சாவரம் பார்க்க வருகிறவர்கள் சரிக்கட்டிவிடுவார்கள். பூட்டுக்கு வாடகை கிடைக்கிற இந்தக் கணக்கில்தான் விஷயம் அத்தனையும் இருக்கிறது. நான் பேராசை பிடித்தவள் இல்லை, நீங்களும் இல்லை. ஆனால் கணக்கு இப்படி இருக்கும்போது நல்லவர்களே வரிசையாக நின்று ஒரு ஊரைக் காலி செய்துவிடலாம்.

2023 ஜனவரி 6, ஆருத்ரா தரிசனம். விடியற்காலை அபிஷேகம் பார்க்க நான் கிளம்பினேன். மாடியில் பெங்களூரிலிருந்து வந்த ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஏசி ஓடும் சத்தம் கேட்டது. கீழவீதியில் ஒரு கடை வாசல் படியில் அந்தம்மா பூக்கூடையை அணைத்தபடி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்கழிப் பனி. "என்னம்மா இங்க?" என்றேன். "ராத்திரி வியாபாரம் முடிய மணி பன்னண்டு ஆச்சு டீச்சர். அந்த நேரத்துக்குப் பஸ் இல்ல. மறுபடி மூணு மணிக்குப் பூ வேணும்பாங்க. போய்ட்டு வர்றதுக்கு இங்கயே இருந்துடலாம்னு" என்றார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. எனக்கு ரெண்டு முழம் பூ கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். கோயிலுக்குள் போய் நின்றேன். அன்றைக்கு நான் பார்த்தது தரிசனம் என்று சொல்ல மாட்டேன்.

உடனே நிறுத்தினேனா? இல்லை. நாட்டியாஞ்சலிக்கு முன்பணம் வாங்கியாயிற்று. அதையும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். இதையும் எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வேஷம்.

சரி, உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"என் வீடு, என் இஷ்டம்." சட்டப்படி சரி. ஆனால் அந்த வீட்டுக்கு 5,000 வாடகை எங்கிருந்து வந்தது? உங்கள் டைல்ஸுக்கும் ஏசிக்குமா கொடுக்கிறார்கள்? அதே டைல்ஸை விருத்தாசலம் ரோட்டில் ஒரு வயல்காட்டில் போட்டு 5,000 வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். வருகிறவர் கொடுப்பது நடராஜருக்கு, தேருக்கு, விடியற்காலையில் பூ கட்டுகிறவருக்கு, வடம் பிடிக்கிறவருக்கு, தேர் போன பிறகு வீதியைக் கூட்டுகிறவருக்கு. இத்தனை பேரும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பை வாங்குவது வாசல் சாவி வைத்திருக்கும் ஒருவர். அவரும் சில சமயம் நியூ ஜெர்சியில் இருக்கிறார்.

"யாத்ரீகர்கள் எங்கே தங்குவார்கள்?" இது நியாயமான கேள்வி, இதற்கு நான் கோபப்பட மாட்டேன். முன்பெல்லாம் சத்திரங்களும் மடங்களும் இருந்தன. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். பல சத்திரங்கள் இன்ன சாதிக்கு என்று கல்வெட்டே வைத்திருந்தன. நாளைப்போவார் கதை நடந்த ஊர் இது, அதை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேச முடியாது. ஆனால் திருவாதிரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பதினைந்து பேர் படுத்திருந்த வருஷங்கள் உண்டு. அம்மா பெரிய வெண்கலப் பானையில் களி கிண்டுவார். அப்போதும் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். விருந்தாளி வந்தார், போனார், வீடு வீடாகவே இருந்தது. இன்றைக்கும் யாராவது தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையைத் திருவிழாவுக்கு விட்டு நாலு காசு பார்த்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், விதவைப் பெண்கள் சிலருக்கு அதுதான் வருஷத்துக்கு ஒருமுறை கையில் புரளும் பணம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம் ஸ்டே திட்டமே, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆள் இல்லாத வீட்டுக் கதவில் நம்பர் பூட்டு மாட்டி, நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குப் பெயர் ஹோம் ஸ்டேயா? அதில் ஹோம் எங்கே?

"குடி வைத்தால் காலி செய்ய மாட்டார்கள்." என் தலைமுறைக்கு இந்தப் பயம் உண்டு. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-இல் புதுச் சட்டம் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஆன்லைன் வசதியும் உண்டு. கெடு முடிந்தால் காலி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் கூடுதல் வாடகை கட்ட வேண்டும் என்று உரிமையாளருக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நம்மவர்கள் யாரும் படிக்கவில்லை. பதிவு செய்யச் சொன்னால் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். குடித்தனக்காரருக்குப் பயந்தா, வருமான வரிக்குப் பயந்தா என்று அவர்கள் முகத்திலேயே தெரியும்.

"ஊருக்கு வருமானம் வருகிறதே." வருகிறது. ஆட்டோக்காரருக்கு, காபிக்கடைக்கு, கொத்சு விற்கிற ஓட்டலுக்கு வருகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டோக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்று அவரையே கேளுங்கள். சவாரி முடிந்து காலி வண்டியில் எத்தனை கிலோமீட்டர் வீட்டுக்குப் போகிறார் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். என் மாடிக்கும் தனி மீட்டர். வருஷத்தில் 340 நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும், திருவிழாவில் நாளுக்கு 5,000 வசூலிக்கும் வீட்டுக்கும் அந்தச் சலுகையைத்தான் நான் வாங்கினேன். வீட்டு வரியும் குடியிருப்பு வரிதான் கட்டினேன். பக்கத்தில் முறையாக லாட்ஜ் நடத்துகிறவர் வணிக மின் கட்டணம் கட்டி, உரிமம் வாங்கி, ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்து நடத்துகிறார். அவரோடு நான் இப்படிப் போட்டி போட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு ராத்திரி தங்கினாலே 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. எத்தனை பேருக்குத் தெரியும்?

சிதம்பரத்தில் வாடகை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1929-லிருந்து இந்த ஊர் பல்கலைக்கழகத்தை நம்பி இருந்த ஊர். அண்ணாமலை நகரில் மாணவர்களும் ஊழியர்களும்தான் வாடகையைத் தீர்மானித்தார்கள். 2013-இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, அதிகப்படியான ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேறு ஊர்களுக்கு, வேறு துறைகளுக்குப் போனார்கள். அந்தச் சமயம் எங்கள் தெருவிலேயே டு-லெட் போர்டு மாதக்கணக்கில் தொங்கியது. அப்படி வீடு காலியானபோது வாடகை இறங்கி, கூலிக்காரர்களும் கடைப் பையன்களும் கோயில் பக்கத்தில் குடி வந்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் வந்தார்கள்கூட. அப்புறம் ஆப் வந்தது.

வாடகை மட்டும் என்றால் பரவாயில்லை. விலையும் அதனோடு ஏறுகிறது. முன்பு தரகர் ஒரு வீட்டைக் காட்டினால் "மாசம் இவ்வளவு வாடகை வரும்" என்பார். இப்போது "சீசனுக்கு இவ்வளவு வரும்" என்கிறார். சீசன் வருமானத்தை வைத்து விலை சொன்னால், அந்த வீட்டில் குடியிருக்க மட்டும் ஆசைப்படுகிறவர் எப்படி வாங்குவார்? 30 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம் என்று போட்டுப் பாருங்கள். மாதத் தவணை 26,000 தாண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600. அகவிலைப்படி எல்லாம் சேர்த்தாலும் சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கே போய்விடும். நான் வேலை பார்த்த ஊரில் எனக்குப் பின்னால் வரும் டீச்சர் வீடு வாங்க முடியாது. பேருந்தில் வந்து, பேருந்தில் போவார். மாலை ஐந்து மணிக்கு மேல் எந்தப் பிள்ளை தெருவில் சுற்றுகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. உங்களில் சிலர் அதற்காக என்னைத் திட்டியிருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் வருவது பொதுவாக ஏப்ரல், மே மாதத்தில். நடு வருஷத்தில் டி.சி. கேட்டு வந்தால் அநேகமாக ஒரே காரணம்தான்: "வீடு மாறிட்டோம் டீச்சர்." அப்படி மாறுகிற பிள்ளை புதுப் பள்ளியில் போய் உட்காரும்போது பாதிப் பாடம் போயிருக்கும். பெயர் கணினியில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு ஒரு நாளில் மாறிவிடும், பிள்ளை மாறுவதற்கு ஒரு வருஷம் ஆகும். வாய்ப்பாடு மறந்துபோய் வாயடைத்து உட்கார்ந்திருந்த எத்தனை பிள்ளைகள்! மந்தம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலர் வாடகை வீட்டுப் பிள்ளைகள். சேர்க்கை குறைந்ததற்கு ஆங்கில மோகமும் தனியார் பள்ளியும் பெரிய காரணம், எல்லாப் பழியையும் நாள் வாடகை மேல் போட மாட்டேன். ஆனால் கோயிலைச் சுற்றிக் குடும்பங்களே இல்லாமல் போனால், கோயிலைச் சுற்றியுள்ள பள்ளியில் யார் உட்காருவது? பெங்களூர் விருந்தாளியா?

கடலூர்க்காரர்கள் இது சிதம்பரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். மஞ்சக்குப்பத்தில் என் தம்பி வீட்டுக்குப் போனால் அங்கே வேறு சீசன். சனி, ஞாயிறு. பாண்டிச்சேரியில் ரூம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் விலை கட்டாதவர்கள் இருபது கிலோமீட்டர் தெற்கே வருகிறார்கள். பாண்டியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வாடகை தாங்காமல் இங்கே குடி வருகிறவர்கள் ஒரு பக்கம். நான்கு வழிச்சாலை வந்தது எல்லாருக்கும் வசதிதான், விலை சொல்கிறவருக்கு இன்னும் வசதி. தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா பக்கம் நடந்து பாருங்கள். உயரமான காம்பவுண்டு, உள்ளே நீச்சல் குளம், வாசலில் வாட்ச்மேன். பின்னால் ஒரே அறையில் மாமியார், மருமகள், இரண்டு குழந்தைகள். மகனுக்குக் கல்யாணம் என்றால் தனி வீடு எங்கே என்பதுதான் மீனவர் வீடுகளில் இப்போது முதல் பேச்சு. கடல் பார்த்த இடத்துக்கு ஒரு காலத்தில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். இன்றைக்கு சென்ட் கணக்கில் பேரம்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடலூரில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஊருக்குள் யார் வீட்டுக் கதவும் பூட்டியிருக்கவில்லை. ஈரத் துணியோடு வந்தவர்களை யார் என்ன என்று கேட்காமல் உள்ளே விட்டார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலிலும், 2015 வெள்ளத்திலும் அதேதான். ஓட்டு வீட்டுக்காரர் மாடி வீட்டுக்காரரிடம் போனார். மாடி வீட்டில் ஆள் இருந்ததால் போக முடிந்தது. அடுத்த புயல் வராது என்று யாராவது எழுதிக் கொடுப்பீர்களா? நம்பர் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு யாரைக் கூப்பிடுவது?

நமக்கு முன்னால் இந்தப் பாதையில் போன ஊர் திருவண்ணாமலை. ரமணாசிரமத்தைச் சுற்றி, செங்கம் சாலைப் பக்கம், கார்த்திகை தொடங்கி மாசி வரை வெளிநாட்டுக்காரர் சீசன், மாதாமாதம் பௌர்ணமிக்கு ஒரு சீசன். அங்கே இருக்கும் என் மாணவி ஒருத்தி செவிலியர். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு மேல் வீட்டுக்காரர் போடுவதே இல்லையாம். சீசன் வந்தால் கிளம்பு, சீசன் முடிந்தால் வா. நோயாளிக்கு ஊசி போடுகிறவளுக்கு ஊரில் இருக்கும் மரியாதை இது.

கலிபோர்னியாவில் இருக்கும் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "டீச்சர், இங்கயும் இதே சண்டைதான்" என்று பாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரைப் பற்றிச் சொன்னான். பாலைவனத்தில் இருக்கும் உல்லாச ஊர். நம் சிதம்பரத்தைவிட ஜனத்தொகை குறைவு. குளிர்காலத்தில் வெயில் தேடி வருகிறவர்கள்தான் பிழைப்பே. வீடுகளெல்லாம் நாள் வாடகைக்குப் போகவே, 2018-இல் அதை ஏறக்குறைய ஒழித்துக்கட்டும் தீர்மானம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றுப்போனது. அவர்கள் விடவில்லை. 2022-இல் நகர மன்றம் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் நூற்றுக்கு 20 வீட்டுக்கு மேல் அனுமதி இல்லை என்று வரம்பு கட்டியது. பக்கத்து ஊரான கதீட்ரல் சிட்டியில் 2021-இல் மக்களே ஓட்டுப் போட்டுப் பெரும்பாலான நாள் வாடகையை நிறுத்தினார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா நகரம் பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நவம்பரோடு முடிக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. பணக்கார தேசங்களே இவ்வளவு யோசிக்கின்றன. நம்மிடம் எத்தனை வீடு இப்படி இருக்கிறது என்ற பட்டியலாவது இருக்கிறதா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஏறத்தாழ இரண்டரைக் கோடி வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. வீட்டுக்கு அலைகிற தேசம் என்று பெயர், இரண்டரைக் கோடி பூட்டு!

நகராட்சியும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. நாள் வாடகைக்கு விடும் வீடு ஒவ்வொன்றும் பதிவாகட்டும். உரிமையாளர் அங்கே குடியில்லை என்றால் வணிக வரியும் வணிக மின் கட்டணமும் கட்டட்டும். தெருவுக்கு இத்தனை என்று வரம்பு இருக்கட்டும். அந்த வரிப் பணத்தில் யாத்ரீகர்களுக்கு, எல்லாச் சாதிக்கும் பொதுவாக, சுத்தமான தங்கும் விடுதி கட்டட்டும். உங்களில் இரண்டு பேர் கவுன்சிலர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தேன், மனு எழுதவும் இப்போது உதவி செய்கிறேன், வீட்டுக்கு வாருங்கள்.

என் கதையின் மீதி. 2023 சித்திரையில் ஆப்பிலிருந்து வீட்டை எடுத்தேன். மகன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. சொந்தத்தில் ஒருவர் "அக்காவுக்கு வயசாயிடுச்சு" என்றாராம். வயதாகிவிட்டது உண்மைதான். வல்லம்படுகைக்கு நேரில் போய் அந்தம்மாவிடம் திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். "வேணாம் டீச்சர். பொண்ணு இங்க பக்கத்துலயே ப்ளஸ் ஒன் சேரப்போவுது. இன்னொரு தடவ சாமான் ஏத்த எங்களால முடியாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துளசித் தொட்டி வாசலில் இருந்தது, நன்றாகத் தழைத்திருந்தது.

இப்போது மாடியில் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் குடும்பம். எழுத்து ஒப்பந்தம், மூன்று மாத அட்வான்ஸ், வாடகை 7,500. முழங்கால் ஆபரேஷனைக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொண்டேன். மாடி ஒழுகல் பாதிதான் சரியாகியிருக்கிறது, மழைக்கு முன் மீதியைப் பார்க்க வேண்டும்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. உங்களில் பலர் இந்நேரம் ரேட் போட்டிருப்பீர்கள். போட்ட புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லவில்லை, வருகிறவர் பாவம் என்ன செய்வார். திருவிழா முடிந்ததும் சாவியைத் திரும்ப டிராயரில் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். கையில் மூன்று குடும்பம் இருக்கிறது. ஒருவர் சத்துணவு அமைப்பாளர், இரண்டு பிள்ளைகள், வடக்கு வீதிப் பக்கம் வேண்டும், 7,000 வரை கொடுப்பார். ஒருவர் தையற்காரர், தரைத்தளம் இருந்தால் நல்லது, மனைவிக்குப் படி ஏற முடியாது. மூன்றாவது, கடலூர் முதுநகரில் துறைமுகப் பக்கம் மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாவும் மகளும். மூன்று பேருக்கும் நான் ஜாமீன். என்ன ஆள், என்ன சமையல் என்று என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கீழே கமெண்டில் எழுத வேண்டாம், அவர்களுக்குச் சங்கடம். இன்பாக்ஸில் வாருங்கள்.